பத்துத் தடவை எழுதிய பிழை

அன்புள்ள கணக்கு வாத்தியாருக்கு ஸலாம்.

நீங்கள் வகுப்புக்குப் போனதும், உங்கள் திக்கலைப் பேசிக்காட்டி ஆசிரியர் அறையைச் சிரிக்க வைத்தவன் நான்தான். நாம் ஒன்றாக வேலை பார்த்த பன்னிரண்டு வருடமும். மதிய லுஹர் தொழுகையில் அழுது, இனிச் செய்யமாட்டேன் என்று தவ்பா செய்வேன். மறுநாளும் அதே கூத்து.

என் மாணவி ஒருத்தி 'சுவரில்' என்பதைச் 'சுவற்றில்' என்று எழுதினாள். சரியான சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பத்துத் தடவை திருத்தி எழுதச் சொன்னேன். கரும்பலகையைப் பார்க்காமல், பத்துத் தடவையும் 'சுவற்றில்' என்றே எழுதி வந்தாள். நானும் உங்கள் முகத்தைப் பார்க்காமலே தவ்பா செய்துகொண்டிருந்தேன்.

இப்போது தனியாகத் தொழும்போது, ஓதுவது பாதியில் நின்றுவிடுகிறது. உங்கள் திக்கல் என் நாவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நேற்று ஒரு கல்யாணத்தில் நம் ஓவிய வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

"சார், நம்ம திக்குவாயைக் கொஞ்சம் அவுத்து விடுங்க!"

"மாட்டேன்."

"அடேயப்பா! பெரிய மனுஷன் ஆயிட்டாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் பயம் வந்தது: அந்த நாட்களில் நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறீர்களா?

உங்களுக்குச் செய்ததை நீங்கள்தான் மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். உங்கள் பதில் வந்து முடிய எவ்வளவு நேரமானாலும், நடுவில் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்காமல் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து நாற்காலிக்காரன்