நாலு பேருக்குச் சொன்ன பங்கு

திருச்செங்கோடு,
16.9.2021

அன்புள்ள அம்மிணி அன்புச்செல்விக்கு,

உன் அண்ணி, நங்கை எழுதுவது. இங்கே நானும் மகன் கோகுல்ராஜும் மருமகள் சுகன்யாவும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் கண்மூடும் முன் சொன்னது உனக்கும் தெரியும். போர்வெல் வண்டியில் கடைசிவரை கூட இருந்த நாலு பேருக்கும், பாறை துளைக்கும் பிட் செய்யும் கம்பெனியில் தான் வாங்கி வைத்திருந்த இரண்டு ஷேரையும் கொடுக்கச் சொன்னார். “பணமாக் குடுக்காத, பங்காக் குடு. இத்தன வருசம் ஓடியும் அவங்களுக்கு ஒரு வண்டியிலயும் பங்கு கெடைக்கல” என்றார். கருமாதியன்று எல்லார் முன்னாலும் நான் அதைச் சொல்லியும் விட்டேன். இரண்டை நாலு பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் மாதங்கள் போய்விட்டன.

நேற்று சுகன்யா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒன்பதாயிரம் இருந்த ஷேர் ஒரே நாளில் தொள்ளாயிரம்! ஒன்றைப் பத்தாக்கிவிட்டார்களாம். நம் ஊரில் ஒரு பங்கைப் பத்தாக்குவது எப்போது என்று எனக்குத் தெரியாதா? வண்டி கடனில் முழுகும்போதுதான் புதுக் கூட்டாளிகளை ஏற்றுவார்கள். அந்த நாலு பேரில் கந்தன் கேட்டால் என்ன சொல்வேன்? அவன் பெண்டாட்டி பெருமாயி சும்மா இருப்பாளா? “நல்லா இருந்தப்ப ஊட்டுல வெச்சுக்கிட்டு, ஒண்ணுமில்லாமப் போனப்பறம் நம்ம தலையில கட்டறாங்க” என்பாள். விற்றுவிட்டு, குறைவதை நான் போட்டுப் பணமாகவே கொடுத்துவிடட்டுமா? எனக்கு எதையும் பொறுமையாகச் சொல்லித்தந்தவள் நீ. இதையும் சொல்.

உன் நங்கை,
வசந்தாமணி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்,
20.9.2021

அன்பும் மரியாதையுமுள்ள நங்கைக்கு,

விற்க வேண்டாம் என்று, கடிதம் கிடைத்த அன்றே சுகன்யாவிடம் போனில் சொல்லிவிட்டேன். காரணத்தை நிதானமாக எழுதுகிறேன்.

நம் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனோடு சேர்த்து முதல் போட்ட நாலு கூட்டாளிகள், ஆளுக்குக் கால் பங்கு. ஒருநாள் நால்வரும் உட்கார்ந்து, அவரவர் கால் பங்கைப் பத்துத் துண்டாக எழுதிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் நாற்பது துண்டு, அண்ணனுடையது பத்து. புதிதாக யாரும் ஏறவில்லை. வண்டி அதே வண்டி, அண்ணனுக்கு இப்போதும் கால் பங்குதான். கம்பெனி செய்திருப்பதும் அதுதான். நீங்கள் பயந்தது வேறு. கடன் அடைக்கப் புது ஆளை ஏற்றினால்தான் நம் பங்கு குறையும்.

ஏன் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒன்பதாயிரம் கொடுத்து ஒன்று வாங்க முடியாதவர் தொள்ளாயிரம் கொடுத்து வாங்கலாம், அவ்வளவுதான். விலை முதலில் இறங்கிவிடும், புதுத் துண்டுகள் கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் போனைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். இப்போது சுகன்யாவிடம் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபது இருக்கும்.

இருபதை நாலு பேருக்குப் பிரிப்பது கஷ்டமா, நங்கை?

அண்ணன் மூச்சு வாங்கச் சொன்ன ஒரு வார்த்தை. கேட்டவர்கள் பலர், நான் உட்பட. அதைத் தூக்கிச் சுமப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தங்கள்,
அன்புச்செல்வி


திருச்செங்கோடு,
3.11.2021

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ சொன்னபடியே இருபது இருந்தது. நாலு பேருக்கும் சுகன்யா ஷேர் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். ஆளுக்கு ஐந்து மாற்றியாகிவிட்டது.

கந்தன் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஏனுங்கம்மா, இதுல எம்பேரு மட்டுந்தானுங்களா இருக்குது?” என்றான். “பொறகு, உம்பட மாமியா பேரா இருக்கும்?” என்று நால்வரில் இன்னொருவனான கண்ணுசாமி கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெருமாயி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளிப் பலகாரம் கோகுல்ராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு கொஞ்சம் கடினம், உன் பல்லுக்குப் பார்த்துச் சாப்பிடு.

வசந்தாமணி


திருச்செங்கோடு,
9.6.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அந்தக் கம்பெனி இந்த மூன்று நான்கு வருடத்தில் தேய்ந்துவிட்டது உனக்குத் தெரியும். தொள்ளாயிரம் இருந்தது இன்று முப்பது. இப்போது பத்தை ஒன்றாக்கப் போகிறார்களாம். பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பங்கு கிடையாது, பணம்தான் என்கிறாள் சுகன்யா. நம் ஆட்களிடம் இருப்பது ஐந்து ஐந்துதானே!

விலை இறங்கியதற்கு அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கந்தன் மகள் ரஞ்சிதாவுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவன் பெயருக்குக் கீழே ‘பங்குதாரர்’ என்று போட்டிருக்கிறான். நான் என்ன செய்வேன்? உன் அண்ணன் கொடுத்ததை யாரோ பிடுங்குவதுபோல் இருக்கிறது.

வசந்தாமணி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்,
13.6.2025

அன்புள்ள நங்கைக்கு,

இது போன தடவை நடந்ததன் தலைகீழ். பத்துத் துண்டு ஒன்றாகும், முப்பது என்பது முந்நூறாகத் தெரியும். பத்து வைத்திருப்பவருக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. காய்ச்சல்காரருக்கு வேறு அளவில் எண் காட்டும் காய்ச்சல்மானி வைத்துப் பார்ப்பதுபோல்தான் இது. எண் மாறும், காய்ச்சல் அப்படியேதான் இருக்கும். விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடிபடுவது நம் ஆட்களைப் போன்ற சிறியவர்கள்தான். அரைப் பங்கு என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட துண்டுகளைச் சேர்த்து விற்று, பணத்தை அவரவர் கணக்கில் போட்டுவிடுவார்கள். பணம் வரும், பெயர் போய்விடும்.

வழி ஒன்று உண்டு. கம்பெனி குறித்திருக்கும் தேதிக்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் இன்னும் ஐந்து ஏறிவிட்டால் முழுதாக ஒரு பங்கு நிற்கும். நீங்களே வாங்கித்தரப் பார்ப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனி தேறுமா என்பதை என்னால் சொல்ல முடியாது. அதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புச்செல்வி


திருச்செங்கோடு,
21.7.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

நாலு பேரையும் வரச்சொல்லி, நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். காய்ச்சல்மானி அவர்களுக்கு உடனே புரிந்தது. “நானே வாங்கிப் போட்டுடறேன்” என்றேன்.

கண்ணுசாமிக்குப் பணமே போதுமாம். “எனக்குப் பேரு வேண்டாமுங்க, பேரனுக்குச் செருப்பு வாங்கோணும்” என்றான். அதுவும் நியாயம்தானே. மற்ற மூவரும் வாசலுக்குப் போய் ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து, என்னிடம் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். அவரவர் காசில், அவரவர் கணக்கில், சுகன்யாவை உட்காரவைத்து ஐந்தைந்து வாங்கினார்கள். பெருமாயி சுருக்குப்பையிலிருந்து ரூபாயை எடுத்து எண்ணிக்கூடப் பார்க்காமல் புருஷனிடம் கொடுத்தாள்.

இன்று காலை கணக்கில் மாறிவிட்டது. அந்த மூவர் பெயரிலும் ‘1’ என்று காட்டுகிறது. கந்தன் வந்து பார்த்தான்.

“பெரியவரு குடுத்தது அஞ்சு, நாங்க வாங்குனது அஞ்சுங்க. இப்ப ரெண்டும் சேந்து ஒண்ணாயிருச்சு. இதுல அவருது எது, எங்களுது எதுன்னு இனி எந்தக் கம்பெனிக்காரனாலயும் பிரிக்க முடியாதுங்க.”

எனக்குக் காது மந்தம்தான், அம்மிணி. அவன் சொன்னது முழுதும் கேட்டது.

வசந்தாமணி