பாக்கெட் ஒரு இஞ்ச் கீழே

18-11-91, திங்கள்

விடியலிலிருந்து மழை. பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீர் ரோடு வரை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப். வாங்க வேண்டியவை: தைலம், தே. எண்ணெய், குடைக்கு ஒரு கம்பி.

கம்பெனியில் ரகளை. எங்கள் லைனில் தைத்த சட்டை 140. எல்லாவற்றிலும் பாக்கெட் ஒரு இஞ்ச் கீழே. மேனேஜர் சார் நேராக பாக்கெட் மெஷினுக்குப் போய் கஸ்தூரியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு எங்கம்மா இருக்கு? சனிக்கிழமை சூப்பர்வைசர் டெஸ்ட் லிஸ்ட்லேர்ந்து உன் பேரை அடிச்சாச்சு."

"சாம்பிளப் பாத்துதான் சார் தெச்சேன்." யாரும் காதில் வாங்கவில்லை. கோவளத்துப் பெண். அம்மா மீன் விற்கிறாள். மூன்று வருடமாக இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்கிறாள்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். லைன் முன்னால் கயிற்றில் தொங்கும் சாம்பிள் சட்டை, போன ஆர்டருடையது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தைப்பார்கள். மாட்டியது நான். லைன் சூப்பர்வைசர் நான்தானே. பெல் அடித்த அவசரத்தில் அதன் சீட்டில் ஆர்டர் நம்பர் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சீ.

19, செவ்வாய்

தூறல். சாம்பாரில் உப்பு அதிகம். டிபன் ரூமில் கஸ்தூரி என் தட்டில் கருவாட்டுத் தொக்கு வைத்தாள். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் சுட்டது.

பாதியில் கை கழுவிவிட்டு மேனேஜர் ரூம்.

"சார், சாம்பிள் மாத்தி மாட்டினது நான். அவ பேரைத் திரும்ப எழுதுங்க."

"அப்ப உன் பேரை எங்கம்மா எழுதறது?"

"எங்க வேணா எழுதுங்க சார். வியாழக்கிழமைக்குள்ள எல்லாச் சட்டையும் சரி பண்ணிடறேன்."



வெளியே வந்து லைனுக்கே கேட்கிற மாதிரி, தப்பு என்னுடையது என்றேன். மெஷின்கள் நின்றன. கஸ்தூரி: "நேத்தே சொல்றதுக்கு இன்னாக்கா? ராவெல்லாம் எங்கம்மா திட்டிகினு இருந்திச்சு." நியாயமான கேள்வி.

21, வியாழன்

வெயில். சட்டை 140ம் முடிந்தது. பாக்கெட்டைப் பிரித்ததும், ஊசித் துளை தெரியாமல் இஸ்திரி போட்டதும் நான். திரும்பத் தைத்தது அவள். நான் தைத்துப் பார்த்த நான்கும் கோணல்; அவற்றையும் பிரித்துப் போட்டு அவளே தைத்தாள்.

அவள் பேர் திரும்ப லிஸ்டில் ஏறிவிட்டது. டெஸ்டில் அளவுச் சீட்டு படிக்க வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பாடம். எட்டில் ஒன்றுதான் நாலில் ஒன்றைவிடப் பெரியது என்று ஒரே அடம். இஞ்ச் டேப்பை மடித்துக் காட்டினேன். "அட பேஜாரே!" பிடித்துக்கொண்டாள்.

23, சனி

டெஸ்ட் பத்து மணிக்கு. வாசலிலேயே நின்றேன். பதினொன்றரைக்கு வந்தாள்.

"பாஸ்க்கா."

அழுதது நான். அவள் அல்ல.

பிறகு மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். திங்கள் முதல் லைன் அவளுக்கு. அவளுடைய பாக்கெட் மெஷின் எனக்கு. சரி சார் என்றேன். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் லைனில் எல்லோர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கலாம். அது போதும்.

பஸ் ஸ்டாப்பில் அவளும் நானும். நான்தான் ஆரம்பித்தேன். "தப்பா தெச்சா எல்லார் முன்னாடியும் திட்டு. அக்கான்னு பாக்காதே."

"நாளிக்கு நம்ம வூட்டுக்கு வாக்கா. மெஷின் கீது. நேரா தெக்கக் கத்துத் தரேன். என் லைன்ல ஒன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."