கேரம் பவுடர் மேல் விழுந்த பழி

செப்டம்பர் 8, 2025 – திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேரமில் முனீசை மூன்று போர்டு வென்றேன். சிவப்புக் காயை எடுத்துவிட்டு, அடுத்த காயை ஃபாலோ போட முடியாமல் திணறினான். அயர்ன் பெட்டி பிடித்த கைக்கு ஸ்ட்ரைக்கர் எங்கே அடங்கும் மாப்பிள்ளை என்றேன். பவுடர் பத்தவில்லை என்று டப்பாவையே கவிழ்த்தான். அவன் கொட்டுகிற பவுடரில் போர்டு திருநீறு பூசின நெற்றி மாதிரி ஆகிவிடுகிறது.

பனியன் கம்பெனியில் எனக்கு அடுத்த அயர்ன் டேபிள் அவனுடையது. குடியிருக்கிற லைன் வீட்டு வரிசையிலும் எனக்கு அடுத்த கதவு அவனுடையதுதான். பகல் முழுக்க என்னோடு நீராவியில் வேகிறான். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுகிறான். நீங்கள் அந்தப் பையனுக்குத்தான் தாலி கட்டியிருக்க வேண்டும் என்கிறாள் என் வீட்டுக்காரி பழனாத்தாள். கேட்டுப் பார்த்தேன், அவனுக்கு ஏற்கெனவே கவிப்பிரியா இருக்கிறாள் என்றேன்.

வியாழக்கிழமை பையர் ஆடிட்டாம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிக்கிறான். எல்லோரும் தரை தேய்க்கிறோம்.

செப்டம்பர் 11 – வியாழன்

ஆடிட் முடிந்தது. பெங்களூரிலிருந்து வந்தவர் நெருப்பணைக்கும் சிலிண்டர், மருந்துப் பெட்டி, கக்கூஸ் கதவு எல்லாம் பார்த்தார். கடைசியில் சாப்பாட்டு ரூமுக்கு வந்து கேரம் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தார். போரிக் ஆசிட் என்று போட்டிருந்ததாம். நம் கம்பெனி கெமிக்கல் விதிகளைப் பார்த்துக்கொள்கிற ஜனனிப் பொண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையர் ஊரில் அது ஆகாத சரக்காம். துணியில் போடவில்லை சார், காய் ஓடத்தான் போடுகிறோம் என்று யாரோ சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

சாயந்தரத்துக்குள் ஜனனி சுவரில் ஒரு காகிதம் ஒட்டினாள். நான் படித்தது ஆறாங்கிளாஸ். எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். போரிக் பவுடர் பிள்ளைப்பேற்றுத் திறனைப் பாதிக்கக்கூடிய பொருள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம், இனி இங்கே பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது.

சும்மா இருக்குமா என் வாய். “முனீசு, நாலு வருசமா ஊட்டுல ஏன் தொட்டில் கட்டலைன்னு இப்பத் தெரிஞ்சுதா. டப்பா டப்பாவாக் கொட்டுனியே” என்றேன்.

சாப்பாட்டு ரூமே சிரித்தது. முனீசும் சிரித்தான். செக்கிங் டேபிள் பெண்களோடு உட்கார்ந்திருந்த கவிப்பிரியா மட்டும் டிபன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 12 – வெள்ளி

மாவு போட்டு ஆடினோம். காய் நகரவே இல்லை. முனீசு ஆட வரவில்லை.

செப்டம்பர் 14 – ஞாயிறு

காலையில் நான் கறிக்கடைக்குக் கிளம்பும்போது முனீசு வந்து வாசலில் நின்றான். அண்ணே, அந்தப் பவுடர் சமாச்சாரம் நெசந்தானா என்று கேட்டான். கிண்டல் செய்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு, ஆட்டம் முடிந்தது என்று தெரியாது. சீமைக்காரனே சொல்லிவிட்டான், நாம் என்ன பெரிய ஆள் என்றேன்.

அவன் மூஞ்சி தொங்கும் என்று பார்த்தால், இல்லை. விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. “அப்ப அவ மேல கொறை ஒண்ணுமில்லண்ணே” என்றான். என் கையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் அவன் வீட்டில் கோழிக் குழம்பு வாசம். கவிப்பிரியா சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டி வந்தது. எத்தனை மாதம் ஆச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு.

ராத்திரி பழனாத்தாள் ஒன்று சொன்னாள். நான் அறியாத சேதி. சாத்தூரிலிருந்து முனீசின் அம்மா வாரம் தவறாமல் போனில் அந்தப் பிள்ளையைக் குத்துகிறாளாம். கவிப்பிரியாவுக்கு ரத்தம், ஸ்கேன், குழாய் சோதனை எல்லாம் முடிந்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். புருசனைக் கூட்டி வா என்று டாக்டர் கேட்டு ஒரு வருசம் ஆகிறதாம். இவன் போக மாட்டேன் என்கிறானாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அப்படியே என் அம்மா வீட்டில் தங்கிவிடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று கவிப்பிரியா பழனாத்தாளிடம் அழுதிருக்கிறாள்.

இதை ஏன் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை என்றேன். உங்கள் வாயில் போட்டால் மறுநாள் கேரம் போர்டில் கிடக்கும் என்றாள்.

செப்டம்பர் 17 – புதன்

முனீசு இரண்டு முழம் முல்லைப்பூ வாங்கிப் போகிறான். போனஸ் வந்துவிட்டதா மாப்பிள்ளை என்று கேட்டேன். வெட்கப்படுகிறான். முப்பத்தொரு வயசு ஆம்பளை அயர்ன் டேபிளில் நின்று வெட்கப்பட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

பழனாத்தாள் கரப்பான் பூச்சிக்குச் சர்க்கரையில் பிசைந்து வைத்திருந்த போரிக் உருண்டைகளை எல்லாம் பொறுக்கிப் பரணில் போட்டாள். உனக்கென்னடி இனிமேல் என்றேன். சென்னிமலையிலிருந்து மகள் வருவாள், பேரன் தவழ்கிறான், வாயில் போட்டுக்கொள்வான் என்றாள். அது சரி.

பிறகு கேட்டாள், “ஏனுங்க, அது நெசமாலுமே பவுடரால தானுங்களா?”

எனக்கெப்படித் தெரியும்.

செப்டம்பர் 19 – வெள்ளி

ஜனனியை அவள் ரூமிலேயே போய்ப் பார்த்தேன். ஏங்கண்ணு, நீ ஒட்டின காகிதம் எவ்வளவு தூரம் உண்மை என்றேன். உட்காருங்கண்ணா என்று நாற்காலி போட்டாள். நல்ல பொண்ணு.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். எலி, நாய் இதுகளுக்கு அந்தப் பவுடரை நிறைய நிறையத் தின்னக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆண் எலிக்கு விந்து கெட்டிருக்கிறது. வயிற்றுக் குட்டிக்கும் ஆகவில்லை. அதனால்தான் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டில் நாள் முழுக்க அந்தத் தூசியிலேயே வேலை செய்கிற ஆம்பளைகளைச் சோதித்ததில் அப்படிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். கேரம் ஆடினதில் ஒருவனுக்குப் பிள்ளை இல்லாமல் போனதாக அவள் எங்கும் படித்ததில்லை. ஊதக் கூடாது, மூக்கில் ஏறக் கூடாது, அந்தக் கையோடு சோறு தின்னக் கூடாது, அவ்வளவுதான்.

“யாருக்குங்கண்ணா? அவங்க டாக்டரைப் பாத்துட்டா நல்லதுங். காகிதத்தைப் பாத்து ஒரு முடிவுக்கு வர முடியாதுங்” என்றாள்.

செப்டம்பர் 20 – சனி

என்ன வேலை பண்ணி வைத்திருக்கிறேன்.

அது விளையாட்டுப் பேச்சு என்று முனீசிடம் சொன்னால் பழி மறுபடி அந்தப் பிள்ளை தலையில் போய் உட்காரும். சொல்லாவிட்டால் இவன் பவுடரை விட்டாச்சு, எல்லாம் தானாகச் சரியாகும் என்று பூ வாங்கிக்கொண்டே இருப்பான். சொல்றதா, வேண்டாமா? இந்த வாயை வெச்சுக்கிட்டு நா என்னதான் பண்றது.

பழனாத்தாள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 21 – ஞாயிறு

முனீசு முடி வெட்டப் போன நேரம் கவிப்பிரியா வந்தாள். பழனாத்தாளிடம் வந்ததாக நினைத்து எழுந்தேன். உட்காருங்கண்ணே என்றாள்.

“நான் ஒண்ணும் கூறு கெட்டவ இல்லண்ணே. பவுடரால இருக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா கல்யாணமாகி இந்த ஒரு வாரந்தான் அவுக என்னைக் குத்தம் சொல்லாம சாப்பிட்டாக. நீங்க கூப்பிட்டா வருவாக. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கும் வரலைன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்.”

அழவில்லை. சொல்லிவிட்டுப் பழனாத்தாள் கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டு ரூமில் டப்பாவை மூடினாளே, அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 24 – புதன்

முனீசிடம் பேச்சைப் போட்டேன். பவுடர் எவ்வளவு சேதம் பண்ணியிருக்கிறது என்று ஒரு சோதனை பார்த்துவிடலாமே என்றேன். அதான் ஆட்டத்தையே விட்டுட்டேன்லண்ணே, எதுக்கு ஆஸ்பத்திரி என்றான். கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். சட்டைக் காலரையே பத்துத் தடவை தேய்த்துக்கொண்டு நிற்கிறான். விந்து எடுத்துக் கொடுக்கிற அந்த ரூமுக்குள் தனியாகப் போகக் கூச்சம், அதுதான் விசயம் என்று எனக்குப் பட்டது.

“நானும் உங்கூட அதே பவுடர்ல ஆடுனவந்தானே. எனக்கும் பாத்துரலாம். ரெண்டு பேரும் போலாம் வா” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

முனீசு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நீங்களா, பேரன் எடுத்துட்டு ஏண்ணே இந்த வேலை என்றான். ஆனால் சரி என்றான்.

செப்டம்பர் 26 – வெள்ளி

சோதனைக்கு மூன்று நாள் முன்னிருந்து வீட்டுக்காரியிடம் தள்ளி இருக்க வேண்டுமாம். பழனாத்தாளிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “மூணு நாளா? ஐயோ பாவம், எப்படித்தான் தாங்குவீங்களோ” என்றாள். வாய் எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன்.

செப்டம்பர் 29 – திங்கள்

அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற பெண் என் வயசைக் கேட்டாள். நாற்பத்தெட்டு என்றேன். எத்தனை வருசமாகக் குழந்தை இல்லை என்றாள். ஒரு பொண்ணு இருக்குதுங்க, பேரனும் இருக்கானுங்க என்றேன். என்னைப் பார்த்தாள், முனீசைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். தோள் குலுங்கியது.

எனக்குப் பிறகு முனீசு போனான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரு ஜெயிச்சாண்ணே என்றான்.

அக்டோபர் 4 – சனி

ரிப்போர்ட் வாங்கப் போனபோது முனீசு என்னையும் டாக்டர் ரூமுக்குள் வரச் சொன்னான். என் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். ஒன்றும் இல்லை என்றார். முனீசை உள்ளே படுக்க வைத்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார்.

முனீசுக்கு விந்தணு குறைவாக இருக்கிறது. விரைக்குப் போகிற நரம்பு, காலில் நரம்பு சுருண்டு புடைக்குமே அந்த மாதிரிப் புடைத்திருக்கிறது. வருசக்கணக்கில் சூட்டில் நின்று வேலை செய்வதும் சேர்ந்திருக்கலாம். சின்ன ஆபரேசன் இருக்கிறது. அதற்குப் பிறகு மாறினதா இல்லையா என்று தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நிறையப் பேருக்கு முன்னேறுகிறது, எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. இவ்வளவும் நிதானமாகச் சொன்னார்.

அப்ப பவுடர் இல்லீங்களா என்று முனீசு கேட்டான். விட்டது நல்லதுதான், ஆனால் இது பவுடரால் வந்ததாகத் தெரியவில்லை என்றார். ரெண்டு நிமிசம் கழித்து மறுபடி அதையே கேட்டான். அவர் மறுபடி அதையே சொன்னார்.

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினேன். டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க வெளையாட்டுக்குத்தான சொன்னீங்க.”

ஆமாம் என்றேன்.

“நான் வெளையாட்டுக்குக் கேக்கலண்ணே” என்றான்.

டீ ஆறிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

அக்டோபர் 5 – ஞாயிறு

பக்கத்துக் கதவு நாள் முழுக்கத் திறக்கவில்லை. கறி எடுக்கப் போகவில்லை.

அக்டோபர் 7 – செவ்வாய்

வேலைக்கு வந்தான். என் பக்கத்தில்தான் நின்றான். பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து என்னைப் பார்த்து, வெள்ளையண்ணனுக்கு உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 9 – வியாழன்

இன்றைக்குச் சாயந்தரம் நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

லைன் வீட்டில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற நேரம். முனீசு குழாயடி ஓரமாக நின்று அவன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து எதையோ கேட்டிருக்கிறாள். இவன் சத்தமாகப் பேசினான். வேண்டுமென்றே சத்தமாகப் பேசினானா, தெரியவில்லை.

“எம்மா, இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத. கொறை எனக்குத்தான். ஆமா, எனக்குத்தான். டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. பவுடரும் இல்ல, கிரகமும் இல்ல. நீ அழுதாலும் அதான்.”

குழாயடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடு என்று என் நாக்கு துடித்தது. முதல் தடவையாக அதைக் கடித்துப் பிடித்தேன். என் குடம் நிறைந்து வழிந்து செருப்பெல்லாம் நனைந்தது. முனீசு போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வந்து குழாயை மூடினான். தண்ணிய வீணாக்காதீங்கண்ணே என்றான்.

கவிப்பிரியா கதவருகே நின்றிருந்தாள். அவன் போகும்போது விலகி வழி விட்டாள். பிறகு அவன் பின்னாலேயே உள்ளே போனாள்.

பழனாத்தாளிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரிக்கிறது நான்தானுங்களே என்றாள்.

அக்டோபர் 18 – சனி

போனஸ் போட்டாயிற்று. ஊரே மூட்டை கட்டுகிறது. இரண்டு பேரும் சாத்தூர் பஸ் ஏறினார்கள். கவிப்பிரியா எந்தப் பையைத் தூக்கினாள், எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனாள் என்று பழனாத்தாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிக்சி இங்கேதான் இருக்குதுங்க என்றாள். அதற்கென்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 24 – வெள்ளி

இன்னும் வரவில்லை. தெருவில் பாதிக் கதவு பூட்டுத்தான்.

நவம்பர் 2 – ஞாயிறு

காலையில் பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்தில்தான் எழுந்தேன். ராத்திரி பஸ்ஸில் வந்தார்களாம், இரண்டு பேரும். அயர்ன் சூடு வேண்டாம் என்று முனீசு பேக்கிங் பக்கம் வேலை மாற்றிக் கேட்டிருக்கிறான், நாளையிலிருந்து அங்கேதான். எனக்கு அடுத்த டேபிள் காலி.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் நாலு பேருக்கும் சாப்பாடு. முனீசும் நானும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அவன் அம்மா. அவன் கையைத் துடைக்கப் போவதற்குள் கவிப்பிரியா எடுத்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அத்தே, பதினாலாந்தேதி ஆப்ரேசன். நீங்க முந்தின நாளே வந்துருங்க. நான் ஆஸ்பத்திரியில இருப்பேன், இங்க சமைக்க ஆளு வேணும்.” கொஞ்சம் கேட்டாள். “அதெல்லாம் அப்பறம் பாப்போம். இப்ப அவுகளுக்கு ஒடம்பு சரியாகட்டும்” என்றாள்.

முனீசு நிமிரவே இல்லை, பூண்டை உரித்தபடியே இருந்தான்.

அவள் போனை வைத்தாள். அக்கா, உங்க பெரிய இட்லிச் சட்டி அந்த வாரம் எனக்கு வேணும் என்று பழனாத்தாளிடம் சொல்லிவிட்டு, குழம்புக்கு உப்புப் போட்டாள்.