ஊர் எதிரில் கேட்ட கேள்வி

12 மார்ச் 1971, வெள்ளி

எரிச்சல் அடங்கவில்லை. வலிப்பு மாத்திரை ஆராய்ச்சிக்காகப் பழவேற்காடு போனோம். வலை காயும் இடத்தில் நாற்காலி போட்டு, ஊரே சுற்றி நிற்க, டாக்டர் கேட்கிறார்: "இந்த மாசம் வலிப்பு வந்துச்சாப்பா?"

"இல்ல சார்" என்றான் மீனவன் கோவிந்தன். டாக்டருக்கு வாயெல்லாம் பல். மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

அவன் நாக்கில் புதிதாகக் கடிபட்ட காயம். காட்டினேன். "நோயாளி சொல்றத மட்டும் எழுதுங்க சிஸ்டர்" என்கிறார் அந்த மனுஷன்.

ஜீப்புக்குப் பின்னால் அவன் மனைவி அழுதாள். "நேத்துகூட வந்துச்சிம்மா. அத்தினி பேர் எதிர்ல சொன்னா, ஏரில வலை போடற முறையிலேர்ந்து அவரை எடுத்துடுவாங்க. நாளைக்கு எங்க முறை."

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன குறைந்துபோகும் இந்த டாக்டருக்கு? அவருக்குத் தெரியாமல் பழைய அளவுக்கே மாத்திரையை எடுத்து அவள் மடியில் போட்டேன். ஆராய்ச்சி நாசமாய்ப் போகட்டும் என்றுதான் போட்டேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. இனி அவனுக்கு வலிப்பு அதிகமாகாது; கேட்டால் மறுபடியும் "இல்ல சார்" என்றுதான் சொல்வான். பாதி மாத்திரையே போதும் என்று அந்த ஆள் எல்லோருக்கும் குறைத்துவிடுவார்.