அரைமணி நேர ஜெபம்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். எனக்குத்தான் இந்த வாரம் அது கிடைக்கவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். சபையாரோடு சின்னச் சண்டை, அவ்வளவுதான். பயப்படாதே.

நான் வேலை பார்க்கும் வார்டில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேச்சு வராது; சிறுநீர் முட்டினால் கட்டிலைத் தட்டுவார். ஞாயிறு மாலை நம் போதகர் ஆட்களோடு வந்து, அவரைச் சுற்றி நின்று ஜெபிக்கத் தொடங்கினார். அரைமணி நேரமாகியும் முடிக்கவில்லை. பெரியவர் தட்டினார். நான் பாத்திரத்தோடு ஓடினேன்.

"ஜெபம் நடக்குது, கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சபைச் செயலாளர் மறித்தார்.

பெரியவர் இன்னும் வேகமாகத் தட்டினார்.

"பாருங்க, ஆவியில நிறைஞ்சு தட்டுறாரு!" என்றார் போதகர்.

"ஐயா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. அவருக்கு ஒண்ணுக்கு வருது!" என்று கத்தினேன்.

அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. பெரியவர் அழுதார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். துணி மாற்ற ஒரு கைகூட நீளவில்லை.

ஜெபத்தைக் கெடுத்ததற்காக நான் சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அதுவரை ஆராதனைக்கு வரக் கூடாதாம். முதலில் அவர்கள் அந்தப் பெரியவரிடம் கேட்கட்டும். "விட்டுக்கொடுங்க" என்று நீயும் எழுதாதே.

பாட்டுப் புத்தகத்தை அனுப்பு. தனியாகப் பாடும்போது பாதியில் வரி மறந்துபோகிறது. எடுத்துக் கொடுக்க நீ பக்கத்தில் இல்லை.

கட்டில் தட்டும் சத்தம் கேட்கிறது. போகிறேன்.

உன் வீட்டுக்காரன்