கரடி தரையில் உட்கார்ந்தால்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு ஸ்டாண்டில். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் சமையலறையைக் காட்டிவிட்டுப் பூங்காவுக்கு வாருங்கள்.

நேற்று பூங்காவில் கரடி உடைக்குள் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் முன்னால் கரடி வாய் திறந்து பேசக்கூடாது, தலையைக் கழற்றக்கூடாது. முடியாவிட்டால் இரண்டு கையையும் தலையில் வைக்க வேண்டும். மேனேஜர் இதைச் சொல்லிக் கொடுத்தபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். வைத்தேன். பிள்ளைகளும் அதே மாதிரி வைத்துக்கொண்டு குதித்தார்கள். கரடிக்குத் துணையாள் நீங்கள், கைதட்டினீர்கள். நான் சுருண்டு விழுந்த பிறகும் தட்டினீர்கள்.

"புது ஸ்டெப்புன்னு நெனச்சேன்டி" என்று ராத்திரியெல்லாம் சொல்லியாகிவிட்டது. போதும்.

இந்தச் சைகையை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் பேசத்தான் முன்னாடியே கிளம்புகிறேன். அவர் ஒத்துக்கொண்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இனி முடியவில்லையென்றால் தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்று கரடிக்கு.

பி.கு: பிள்ளைகளும் கூடவே உட்காருவார்கள். உட்காரட்டும். நீங்கள் வந்து கரடித் தலையைக் கழற்றுங்கள். உள்ளே என் முகத்தைப் பார்த்து நாலு பிள்ளை அழுதால், அழட்டும்.