கண்ணி கழற்றாத மணிக்கூடு

ஒருவர் முன்னாலும் என்னை விட்டுக்கொடுக்காத மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் என் கையில் கட்டிவிட்ட மணிக்கூட்டுச் செயினின் பூட்டு உடைந்துவிட்டது. சென்ற ஜும்ஆவில் முன்வரிசையில் நின்று தக்பீருக்குக் கையை உயர்த்தினேன். பூட்டு திறந்து, மணிக்கூடு தொழுகை விரிப்பில் விழுந்தது. ஸுஜூதுக்குப் போய் நெற்றியை வைத்தபோது என் மூக்குக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நேரம் பார்த்துத் தொழுதவன் கற்பிட்டியில் வேறு ஒருவனும் இருக்கமாட்டான்.

அதே வாரம் என் மகள், உங்கள் பேத்தி சுமையாவைப் பெண் கேட்டு வந்தார்கள். 'வந்தார்கள்' என்பது மரியாதைக்கு. வந்தவன் மாப்பிள்ளை ரிஸ்வான் மட்டும்தான். துணைக்கு ஒரு கூட்டாளி. உப்பளத்தில் வேலை, வாடகை அறை, தாய் தகப்பன் இல்லை. சுமையாவுக்குச் சம்மதம். உங்கள் மகளுக்கும் சம்மதம். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "குடும்பம் எப்படி?" என்று கேட்டேன். கேட்ட வாய் கொஞ்சமும் கூசவில்லை.

"யோசிச்சுச் சொல்றன்" என்று அவனை அனுப்பிவிட்டு, யோசிக்க வசதியாக, மணிக்கூட்டைத் திருத்தப் புத்தளத்துக்குப் போனேன்.

கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். மடித்துப் பூட்டும் தகட்டின் நாக்கு வளைந்து, ஆணி தேய்ந்திருந்தது.

"நானா," என்று என்னை அண்ணனாக்கிவிட்டுச் சொன்னார், "பூட்டுல பிழையில்ல. உங்கட கைலதான் பிழை."

"என்ட கைல என்ன?"

"இறைச்சி. இழுத்துப் பூட்டிப் பூட்டித்தான் இப்பிடி ஆகியிருக்கு. செயின்ல ரெண்டு கண்ணி கூடப் போடோணும். இல்லாட்டி சோத்தக் குறைங்க."

நான் சிரிக்கவில்லை, மாமி.

என் நிக்காஹ் அன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? யுத்தத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு, அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் இருந்த மாப்பிள்ளை நான். மர்ஹூம் மாமா விட்டுப்போன மணிக்கூட்டை நீங்கள் என் கையில் கட்டினீர்கள். அது முழங்கை வரைக்கும் ஓடியது. வீடு முழுக்கச் சிரிப்பு. "ரெண்டு கண்ணியக் கழட்டினாச் சரி" என்றார் உங்கள் தம்பி. "அகதிக்கா பிள்ளையக் குடுக்கிறீங்க?" என்று அதற்கு முன் கேட்டவரும் அவர்தான்.

நீங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு கண்ணியும் கழட்டத் தேவயில்ல. எங்கட வீட்டுச் சோறு தின்டா மருமகன்ட கை தடிக்கும்."

என் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, மன்னாரில் எங்கள் தெருவில் ஒருவரும் மிச்சம் இருக்கவில்லை. வேறு எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்? கேட்க நினைத்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டு என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

"கண்ணி ஒண்டும் கூட்ட வேணாம்" என்றேன் கடைக்காரரிடம். "நாக்க நிமித்தி, புது ஆணி போட்டாப் போதும்."

"அப்ப உங்கட கைக்குப் பூட்டாதே!"

"என்ட கைக்கில்ல."

திருத்திய பூட்டு இப்போது நல்ல சத்தத்தோடு பூட்டுகிறது. திரும்பும் வழியில் உப்பளத்தில் இறங்கி, ரிஸ்வானிடம் சம்மதம் சொன்னேன். பொடியன் உப்புக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினான். அவன் கையைப் பார்த்தேன். மணிக்கூடு தோள் வரைக்கும் போகும்போலிருக்கிறது.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. யுத்தம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் உங்கள் தம்பி, "மருமகன், மன்னாருக்கு எப்ப போறீங்க?" என்று கேட்கிறார். எல்லாம் அக்கறைதான். உங்கள் மகள் உங்களைப் போலவே இரண்டாவது முறை பிரியாணி போட்டு அவர் வாயை அடைத்துவிடுகிறாள்.

அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை விசாலமாக்கி வைப்பானாக. நிக்காஹ் அன்று ரிஸ்வானின் கையில் உங்கள் மகள்தான் மணிக்கூட்டைக் கட்டுவாள். உங்கள் தம்பி கண்ணியைக் கழற்றச் சொல்வார், மனிதர் மாறவில்லை. நாங்கள் ஒரு கண்ணியையும் கழற்றமாட்டோம், மாமி. அவனுக்கும் சோறு போடுவோம்.

கை தடித்த
உங்கள் மருமகன்